குதிரைப் பொலிஸ்காரர் பெட்டியில் நெத்தலிக் கருவாடு

பலெர்மோவில் என்னைக் கைது செய்யப்போகிறார்கள் என்று ஒன்றரை நாள் முழு மனதோடு நம்பினேன். குற்றம், அரச அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்தது. லஞ்சப் பொருள், நெத்தலிக் கருவாடு. அதைப் போட்டுக் கொடுத்ததோ நான் கனடாவிலிருந்து கொண்டுபோன வட்டத் தகரப் பிஸ்கற் பெட்டியில். மூடியில் சிவப்புக் கோட்டுப் போட்ட குதிரைப் பொலிஸ்காரர் ஒருவர் சல்யூட் அடித்துக்கொண்டு நிற்பார். பொலிஸையும் சேர்த்துப் பொதிசெய்து லஞ்சம் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நம்பியது எவ்வளவு மடத்தனம் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த ஒன்றரை நாளும் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. என்னை நேரில் கண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி என்று விளங்கும்.

நான் கனடாவின் மேற்குக் கரையில், ஆற்றோரச் சிறு நகரம் ஒன்றில், தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறேன். எங்கள் ஊரில் மீன் சம்பந்தமாக ஓர் ஆலோசனைக் குழு உண்டு. நகரசபைக்கு ஓர் ஆள், சுற்றியுள்ள பூர்வகுடி அரசுகளுக்கு அவரவர் ஆட்கள், எதிர்ப்பக்கத்தில் தலைநகரத்துச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு மத்திய அரசின் அதிகாரிகள். கூட்டம் என் விடுதி மண்டபத்தில் நடக்கும். நான் கதிரை அடுக்கி, கோப்பி வைத்துவிட்டு ஓரமாக நிற்பேன். நகரசபையின் ஆள் வேறு ஊருக்கு மாறிப் போனதும் நகரபிதா சுற்றுமுற்றும் பார்த்தார். நீ எப்படியும் இங்கேதானே நிற்கிறாய், உட்கார் என்றார். உட்கார்ந்தேன். என் அரசியல் வாழ்க்கை அவ்வளவுதான்.

இந்த விபரம் கடல் தாண்டிப் பலெர்மோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ‘அண்ணை கனடா கவர்மெந்தில் பெரிய இடத்தில் இருக்கிறார்’ என்று ஆகிவிட்டது. சேர்த்தவள் வசந்தி, என் சித்தியின் மகள். சின்யோராக்கள் என்று சொல்லும் வயதான இத்தாலியச் சீமாட்டிகளின் வீடுகளில் தங்கி நின்று இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள். முழங்கால்கள் இரண்டும் சொல்வழி கேட்காமல் போன பிறகு பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை போட்டாள். அவள்தான் தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணை, நீங்கள் கவர்மெந்துக் கொமிற்றியிலை இருக்கிறியள்தானே. இஞ்சையும் ஒரு கொமிற்றி இருக்கு. வந்து ஒருக்காக் கதைச்சிட்டுப் போங்கோ. கதைக்கிறது உங்களுக்கு ஒரு வேலையே?”

கதைப்பது எனக்கு வேலையில்லைதான். பிஸ்கற் பெட்டியோடு புறப்பட்டேன்.

விமான நிலையத்துக்கு வசந்தியின் கணவர் குகன் ஸ்கூட்டரில் வந்திருந்தார். என் பெரிய பெட்டி அவருடைய கால்களுக்கு நடுவில், நான் பின்னால், பிஸ்கற் பெட்டி என் மடியில். கொஞ்சத் தூரம் போனதும் ஒன்று விளங்கியது. பலெர்மோவில் சிவப்பு விளக்கு என்பது ஓர் ஆலோசனை. ஏற்பதும் விடுவதும் ஓட்டுகிறவர் பாடு. ஆலோசனைக் குழுவில் இருப்பவன் என்ற முறையில் அந்த விளக்கின்மேல் எனக்கு அனுதாபம் உண்டாயிற்று.

“கண்ணை மூடிக்கொண்டிரும் மச்சான்,” என்றார் குகன். “நானும் இந்தச் சந்தியிலை அப்பிடித்தான்.”

வீடு சீசா என்ற பகுதியில், நாலாம் மாடி. மின்தூக்கி இருந்தது, ஆனால் அதற்குள் யாரோ சைக்கிள் வைத்திருந்தார்கள். வசந்தி புட்டும், வாள்மீன் குழம்பும், கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தாள். சிசிலிக்காரர் கத்தரிக்காய்க்குச் செய்கிற மரியாதையைப் பார்த்தால் அவர்களுக்கும் நமக்கும் எங்கேயோ சொந்தம் இருக்கவேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் குகன் என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ப் பிரச்சினையைக் காட்டினார்.

பிரச்சினை ஐந்தாறு தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்தது. நெத்தலி. குடல் எடுத்து, உப்பில் போட்டு, நுளம்பு வலையால் மூடி, வலையின் நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தாள் வசந்தி. பக்கத்தில் அடுத்த வீட்டாரின் படுக்கை விரிப்புகள் காற்றில் ஆடின. கைபிடிச் சுவரில் ஒரு கடற்காகம் உட்கார்ந்து, தன்னுடைய முறைக்குக் காத்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

கருவாடு விற்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம். அதுதான் கஷ்டம் என்றார் குகன். சொல்லியிருந்தால் சண்டையாவது பிடிக்கலாம். கடைக்கு அனுமதி கொடுப்பது நகரசபை, இங்கே கொமூனே என்பார்கள். உணவு சுத்தமா என்று பார்ப்பது சுகாதார அலுவலகம். அதற்குச் சட்டம் ரோமிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறது. கொமூனேக்காரர், முதலில் சுகாதாரத்திடம் பரிசோதனை முடிவு வாங்கிவா, பிறகுதான் உன் கருவாடு தயாரிக்கும் இடத்தைப் பதிவோம் என்கிறார்கள். சுகாதாரக்காரர், பதிவில்லாத இடத்திலிருந்து நாங்கள் மாதிரி எடுக்க முடியாது, முதலில் பதிந்துகொண்டு வா என்கிறார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். வசந்தி ஒரு வருடமாக இரண்டு படிக்கட்டுகளையும் மாறிமாறி ஏறியிருக்கிறாள். இப்போது கடையின் அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. கருவாடு அதில் சேராவிட்டால் கருவாடு விற்க முடியாது.

மறுநாள் வசந்தியோடு பஸ்ஸில் பல்லரோவுக்குப் போனேன். போனேன் என்று சுலபமாக எழுதுகிறேன். பஸ் வர எடுத்த நேரத்தில் எங்கள் ஊரில் பனி விழுந்து உருகிவிடும். கடைசியில் வந்த பஸ்ஸில் எங்களுக்கு முன் இரண்டு மூதாட்டிகள் இருந்தார்கள். அவர்களுடைய பேச்சை வசந்தி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருத்தி, தன் மகன் மிலானோவில் இருக்கிறான், அங்கே பஸ் சொன்ன நேரத்துக்கு வருமாம் என்றாள். மற்றவள் யோசித்துவிட்டு, பாவம், அப்படியென்றால் அவனுக்கு ஊரில் ஒருவரையும் தெரியாமல் போயிருக்குமே என்றாள்.

சந்தையில் வாள்மீன்கள் வாளை நிமிர்த்திக்கொண்டு ஐஸில் கிடந்தன. வியாபாரிகள் கூவுவது பாட்டா வசவா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. கடலைமாவைக் கரைத்து, வில்லையாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். வடையைப் பாணுக்குள் வைத்துச் சாப்பிடுகிற சனத்தோடு எந்தப் பேச்சுவார்த்தையும் சாத்தியம் என்று நம்பிக்கை பிறந்தது. இன்னொரு கடையில் உப்பிட்ட சாளை மீன்களை வட்டத் தகரத்தில் பூப்போல அடுக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் வசந்தி நின்றாள். இதுவும் உப்பு, இதுவும் மீன், இதுக்குப் பதிவு இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அவளுடைய கடை ஒடுக்கமானது. முன்னால் மிளகாய்த்தூள், ஒடியல் மா, வங்காளத்து அரிசி, பின்னால் சும்மா கிடக்கும் ஓர் அறை. நான் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் ஒரு மன்னார்ப் பெண்ணும், ஒரு மொரீசியஸ்காரியும், கானா நாட்டவர் இருவரும் வந்து கருவாடு கேட்டார்கள். இல்லை, கொமிற்றி முடியட்டும் என்று அவரவர் விளங்கும் மொழியில் சொல்லி அனுப்பினாள்.

“மிளகாய்த்தூளை எல்லாரும் விக்கினம் அண்ணை. கருவாட்டுக்குத்தான் சனம் இந்தப் படி ஏறி வருது. அது இல்லாட்டி கடை நிக்காது. கடை பூட்டினால் நான் திரும்பவும் ஒரு சின்யோராவைத் தூக்கிக் குளிப்பாட்டப் போகவேணும். இந்த முழங்காலோடை ஏலாது.”

சொல்லும்போது முழங்காலை அவள் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அடுத்த ஆள் வருகிறாரா என்று.

மாலையில் நிரோஷாவைச் சந்தித்தேன். பலெர்மோவில் பிறந்தவள், பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. குடியேறியவர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற ஆலோசனைச் சபை ஒன்று அந்த நகரத்தில் உண்டு. அதில் தமிழர்கள் தெரிவு செய்த உறுப்பினர் அவள்தான். எலுமிச்சம்பழ ஐஸை எனக்கு வாங்கித் தந்து, நான் வாயில் வைத்து ஐஸ் பல்லில் கூசிக்கொண்டிருந்த சமயம் பார்த்துக் கேட்டாள்.

“அங்கிள், உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் அங்கை என்ன செய்யிறனியள்?”

சொன்னேன். கதிரையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அவள் தன் சபையைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் கேட்கலாம், எழுதலாம், அதிகாரிகளை அழைக்கலாம். தீர்மானிக்க முடியாது. எங்களுடையதும் அதே சாதிதான் என்றேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று ரூத்தைப் பற்றிச் சொன்னேன்.

ரூத் எங்கள் குழுவில் இருக்கும் பூர்வகுடி அரசொன்றின் பிரதிநிதி. அவளுடைய ஆட்கள் புகையில் வாட்டும் சால்மன் மீனை வெளியே விற்க விரும்பினார்கள். மத்திய அதிகாரிகள் விதி இடம் கொடாது என்றார்கள். ஒரு கூட்டத்தில் அதிகாரி, உங்கள் ஆலோசனைக்கு நன்றி என்று முடித்துவைக்கப் பார்த்தார். ரூத் எழும்பவில்லை. நான் ஓர் அரசின் ஆள், இன்னோர் அரசின் ஆளோடு பேசிக்கொண்டிருக்கிறேன், அதை நீ ஆலோசனை என்று எழுதிக்கொள்வது உன் வசதி என்றாள். பிறகு அனுமதி தா என்று கேட்பதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள். இந்த விதி எதைக் கண்டால் திருப்திப்படும்? அந்த அதிகாரி முதல் தடவையாகப் பேனையைக் கீழே வைத்துவிட்டு, உப்பு, சூடு, ஈரம் என்று மனிதரைப்போல் பேசத் தொடங்கினார். அடுத்த வருடம் புகைவீட்டில் ஒரு வெப்பமானி தொங்கியது. மீன் விற்பனைக்குப் போனது.

நிரோஷா கரண்டியை நக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரூத்துக்குப் பின்னாலை ஒரு அரசு நிக்குது அங்கிள். எனக்குப் பின்னாலை வசந்தி அன்ரிதான் நிக்கிறா.” கரண்டியை வைத்துவிட்டு, “ஆனால் அந்தக் கேள்வி நல்லாயிருக்கு. அதை மட்டும் கேளுங்கோ. கவர்மெந்து, கனடா எண்டு வேறை ஒண்டும் கதைக்காதையுங்கோ,” என்றாள்.

கூட்டம் அடுத்த நாள், கால்சா என்ற பழைய பகுதியில், திருத்திப் புதுப்பித்த பழைய மாளிகை ஒன்றில். இந்தப் பக்கம் பளிங்குப் படி, எதிர்ப்பக்கம் கொடியில் ஈரச் சட்டைகள். கூரையில் இறக்கை முளைத்த கொழுத்த குழந்தைகளை வரைந்திருந்தார்கள். எங்கள் விடுதி மண்டபத்துக் கூரையில் தண்ணீர் ஒழுகிய கறை ஒன்றுதான் உண்டு. ஆனால் கீழே இருந்த காட்சி ஒன்றேதான். அதே நீள மேசை, அதே தண்ணீர்ப் போத்தல், அதே முகங்கள். ஒரு பக்கம் ஏதாவது நடக்கவேண்டும் என்ற முகம். மறுபக்கம் ஏதும் நடந்துவிடக்கூடாதே என்ற முகம்.

சபைத் தலைவர் கானாவில் பிறந்தவர், உயரமான மனிதர். கொமூனேயிலிருந்து மெலிந்த அதிகாரி ஒருவர். சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு தொத்தொரெஸ்ஸா. வைத்தியப் படிப்புப் படித்த பெண்ணை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். கறுப்புக் கண்ணாடியைத் தலைமுடியில் ஏற்றி வைத்திருந்தார். கூட்டம் முழுவதும் அது விழவே இல்லை. வசந்தி பட்டுச்சேலை கட்டி, பெரிய சாப்பாட்டுப் பையொன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தாள். அந்தப் பையை நான் அப்போதே கவனித்திருக்கவேண்டும்.

என்னைப் பேச விட்டார்கள். நிரோஷா இத்தாலியனில் சொன்னாள். புகைவீட்டுக் கதையைச் சுருக்கிச் சொல்லி, ரூத்தின் கேள்வியைத் தொத்தொரெஸ்ஸாவிடம் கேட்டேன். அவர் உடனே விரல் மடித்துச் சொல்ல ஆரம்பித்தார். எவ்வளவு உப்பு, எவ்வளவு ஈரம், மூடிய அறை, கழுவக்கூடிய சுவர். அதற்கெல்லாம் முன்னதாக ஆய்வுகூடத்துக்கு ஒரு மாதிரி. ஆனால் எந்த விலாசத்திலிருந்து மாதிரி எடுத்தேன் என்று எழுதவேண்டும், கொமூனேயின் பதிவில் அப்படியொரு விலாசம் இல்லையே என்றார். கொமூனே அதிகாரி, ஆய்வுகூட முடிவு இல்லாமல் நாங்கள் எப்படிப் பதிவது என்றார். இரண்டு பேரும் ஒரு வருடமாக வசந்தியிடம் சொன்னதை அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொன்னார்கள். சொல்லிவிட்டு இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கோப்பிக்கு இடைவேளை விட்டார்.

இங்கேதான் நம்முடைய சனத்தால் மட்டும் செய்யக்கூடிய வேலை ஒன்று நடந்தது.

நம் வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் வந்தால் அவரை வெறும் வயிற்றோடும் அனுப்பமாட்டோம், வெறுங்கையோடும் அனுப்பமாட்டோம். அவர் பந்தல் போட வந்தவரா, தீர்ப்புச் சொல்ல வந்தவரா என்றெல்லாம் அந்த நேரத்தில் பார்ப்பதில்லை. வசந்தி பையைத் திறந்து பற்றீஸும் ரோல்ஸும் அடுக்கிய தட்டைத் தலைவரிடம் கொடுத்தாள். பிறகு என் பிஸ்கற் பெட்டியைக் கையில் எடுத்தாள். நேரே தொத்தொரெஸ்ஸாவிடம் போய், இரண்டு கையாலும் நீட்டினாள்.

பெட்டிக்குள் பிஸ்கற் இல்லை என்பது எனக்குத் தெரியும். முதல் நாள் இரவே அதை முடித்தது நான்தான்.

இந்த இடத்தில் என் பயத்துக்கு ஒரு நியாயம் சொல்லவேண்டும். எங்கள் குழுவில் சேர்ந்த புதிதில் மத்திய அதிகாரி ஒருவருக்கு ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் கொடுத்தேன். அது தபாலில் திரும்பி வந்தது. கூடவே பரிசு, அன்பளிப்பு, சலுகை பற்றி ஒரு வகுப்புக்கு வரும்படி அழைப்பும் வந்தது. வகுப்பு எடுத்த பெண் சிரிக்கவே இல்லை. அதிலிருந்து அதிகாரி தும்மினால்கூடக் கைக்குட்டை கொடுக்கமாட்டேன்.

ஆகவே பாய்ந்தேன். கதிரையில் இடித்துக்கொண்டு போய்ப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, நோ கிப்ற், நோ கிப்ற் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இழுத்தேன். வசந்தி விடவில்லை. தொத்தொரெஸ்ஸாவும் என்ன ஏதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் இழுத்ததில் மூடி கழன்றது. குதிரைப் பொலிஸ்காரர் பளிங்குத் தரையில் உருண்டோடிப் போய்க் கொமூனே அதிகாரியின் சப்பாத்தில் முட்டி நின்றார். கருவாட்டு மணம் எழும்பிக் கூரையிலிருந்த குழந்தைகள்வரை போனது.

கையில் பற்றீஸோடு நின்ற தலைவர் மூச்சை உள்ளே இழுத்துக் கண்ணை மூடினார். அது ரசிப்பு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிரார்த்தனை என்று நினைத்தேன்.

தொத்தொரெஸ்ஸா பெட்டிக்குள் பார்த்தார். வசந்தியிடம் ஏதோ கேட்டார், அவள் தலையாட்டினாள். கொமூனே அதிகாரியை அழைத்தார். இருவரும் யன்னலோரம் போய்த் தணிந்த குரலில் கதைத்தார்கள். பிறகு அவர் தன் கைப்பெட்டியிலிருந்து தெளிந்த பிளாஸ்ரிக் உறையொன்றை எடுத்து, பெட்டியை மூடியோடு அதற்குள் வைத்து ஒட்டினார். மேலே எழுதினார். ஒரு தாளை வசந்தியிடம் நீட்டினார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் காலமெல்லாம் வரிசையில் நின்றவள், சிரித்த முகத்தோடு நீட்டுகிற தாள் எதிலும் கையெழுத்துப் போட்டுப் பழகியவள். போட்டாள். அடுத்து என்னிடம் நீட்டினார். என் கடவுச்சீட்டைக் கேட்டு, இலக்கத்தைக் குறித்தார். நானும் போட்டேன். அவசரமாகப் போட்டதில் அது என் கையெழுத்துப்போலவே இல்லை. போலிக் கையெழுத்து என்று இன்னொரு வழக்கும் சேருமோ என்று வேறு யோசனை.

நிரோஷா அந்த நேரம் மண்டபத்தின் மறுகோடியில் தலைவரோடு நின்றாள். தலைவர் ஏதோ இரண்டு வசனம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. போகிற போக்கில் என் தோளைத் தொட்டு, “அங்கிள், பிறகு கதைப்பம்,” என்றாள். சிறைக்குப் போகிறவனுக்குச் சொல்லும் குரல் அது என்று சத்தியம் செய்திருப்பேன்.

வசந்தியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். படியிறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“குடுத்த சாமானைப் பறிக்கிற ஆளை இண்டைக்குத்தான் கண்டன்.”

குகனிடம் கேட்டேன். வசந்தி அவரிடம், தொத்தொரெஸ்ஸா நல்ல மனுஷி, அண்ணை மானத்தை வாங்கியும் பெட்டியை ஏற்றுக்கொண்டு போனா, பையில் மணக்கக்கூடாது என்று உறையில் போட்டவ என்று சொல்லியிருந்தாளாம். அவ்வளவுதான் தெரியும் என்று சொல்லிவிட்டுக் குகன் தன் முதலாளி வீட்டுக்கு இரவு வேலைக்குப் போய்விட்டார். ஒட்டிய உறை, எழுதிய இலக்கம், இரண்டு கையெழுத்து. மணத்துக்கு யாராவது இவ்வளவு செய்வார்களா? அது தடயப் பொருள். வகுப்பெடுத்த அந்தப் பெண்ணின் சிரிக்காத முகம் வந்து முன்னால் நின்றது.

மறுநாள் காலை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மனதை மாற்ற நடந்தேன். ஒரு கடையில் மாட்டு மண்ணீரலைக் கொழுப்பில் வதக்கிப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். ஒரு கடி கடித்திருப்பேன், சீருடைப் பொலிஸார் இருவர் என் பின்னால் வந்து வரிசையில் நின்றார்கள். பாணை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, கைகள் தெரியும்படி நடந்து வெளியேறினேன். கடைக்காரர் பாணைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். நான் இன்னும் வேகமாக நடந்தேன். எதிரே நின்ற பஸ்ஸில் ஏறினேன். எந்தப் பஸ் என்று பார்க்கிற நிலைமையில் இல்லை. அது நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில், ஒரு சுவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. சாரதி திரும்பி என்னிடம் ஏதோ சொன்னார். என்னையறியாமல் இரண்டு கைகளையும் உயர்த்தினேன். அவரும் உயர்த்திக் காட்டினார். இதற்கு மேல் பாதை இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

திரும்பி நடக்கும் வழியில் நீதிபதிக்கு முன் சொல்லவேண்டியதைத் தயார் செய்தேன். ஐயா, கருவாடு என்பது எங்களில் லஞ்சம் அல்ல. பழக்கம். லஞ்சம் என்றால் பாரைக் கருவாடு கொடுத்திருப்போம், நெத்தலி கொடுத்திருக்கமாட்டோம். வாதம் பலமாகத்தான் இருந்தது. மொழிபெயர்க்கத்தான் ஆள் வேண்டும். நிரோஷாவுக்குத் தொலைபேசி எடுக்கலாம், ஆனால் ஒட்டுக்கேட்பார்கள். அப்படித்தான் அன்றைக்கு என் மூளை வேலை செய்தது.

மாலையில் நிரோஷா நாலு மாடியும் ஏறி, மூச்சு வாங்க வந்தபோது, நான் பெட்டி கட்டிவிட்டுச் சப்பாத்தோடு கட்டிலில் இருந்தேன். கடவுச்சீட்டு காலுறைக்குள் இருந்தது. வசந்தி கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் இன்னும் கோபம்.

“அன்ரி, கருவாடு லபோரத்தோரியோவுக்குப் போயிட்டுது,” என்றாள் நிரோஷா. ஆய்வுகூடம்.

வசந்திக்கு முதலில் ஏமாற்றம். சாப்பிடக் கொடுத்த சாமானை ஏன் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனா என்று கேட்டாள். நிரோஷா சம்மணம் கட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தொத்தொரெஸ்ஸா வசந்தியிடம் கேட்டது, நீ விற்பது இதுதானா என்று. யன்னலோரம் கொமூனே அதிகாரியோடு பேசியது, மாதிரியின் விலாசம் பற்றி. கடை பதிவில் இல்லை, மொட்டைமாடி பதிவில் இல்லை. ஆனால் பெட்டி கைமாறியது ஆலோசனைச் சபை கூடியிருந்த மண்டபத்தில், கொமூனேயின் ஆளும் இருக்கும்போது. அந்த மண்டபம் பதிவில் இருக்கிறது. சபையின் அமர்வில், உரிமையாளர் தாமாக ஒப்படைத்த மாதிரி என்று எழுதலாம், சபை சம்மதித்தால். தலைவர் இரண்டு வசனத்தில் சொன்னது அந்தச் சம்மதம். என்னிடம் வாங்கியது சாட்சிக் கையெழுத்து.

தீர்மானிக்க அதிகாரமில்லாத சபையிடம் ஒரு விலாசம் மட்டும் இருந்தது. கேட்டபோது அதைக் கொடுத்தார்கள்.

“நல்ல காலம் அங்கிள் நீங்கள் பறிச்சது,” என்றாள் நிரோஷா. “பறிக்காட்டி மூடி கழண்டிராது. அவ பிஸ்கற் எண்டு நினைச்சு, வேண்டாம் எண்டு மரியாதையாத் திருப்பித் தந்திருப்பா.”

வசந்தி என் பக்கம் திரும்பினாள். என் சப்பாத்து, கட்டிய பெட்டி, புடைத்துக்கொண்டிருந்த காலுறை எல்லாம் அவள் கண்ணில் பட்டன.

“எங்கை ஓட வெளிக்கிட்டனீங்கள்?”

“மிலானோ,” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

“அங்கை பஸ் நேரத்துக்கு வரும்,” என்றாள். பிறகு புட்டுக்குத் தேங்காய் துருவப் போனாள். குசினிக்குள் தனியாக அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு வருடமாக அந்தச் சத்தம் இந்த வீட்டில் இல்லை என்று குகன் பிறகு சொன்னார்.

மிச்ச நாட்களில் அந்த மண்ணீரல் பாணை மறுபடியும் வாங்கி முழுதாகச் சாப்பிட்டேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. பாணைத் தந்துவிட்டு, கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

நான் கனடா திரும்பிய பிறகு முடிவு வந்தது. உப்பும் ஈரமும் விதி கேட்ட அளவுக்குள் இருந்தன. மொட்டைமாடி கூடாது என்று எழுதியிருந்தார்கள். கடையின் பின்னறைச் சுவருக்கு ஓடு பதித்து, மின்சாரத்தில் காயவைக்கும் பெட்டியொன்று வைத்தார்கள். கொமூனே அதைப் பதிந்தது, கடையின் அனுமதியில் கருவாட்டையும் சேர்த்தது. வெயிலில் காய்ந்த ருசியில் பாதிதான் என்று வசந்தி முறைப்பாடு சொல்கிறாள். கடற்காகம் இன்னும் கைபிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறதாம். எங்கள் குழுவில் இந்தக் கதையைச் சொன்னேன். ரூத் கேட்டிருந்துவிட்டு, உங்கள் ஆட்களிடம் அரசு இல்லாவிட்டாலும் மீன் இருந்திருக்கிறது என்றாள். தனக்கும் ஒரு பொதி வேண்டுமென்றாள்.

பிஸ்கற் பெட்டி மட்டும் திரும்பி வரவில்லை. நிரோஷா போனமுறை சுகாதார அலுவலகத்துக்குப் போனபோது பார்த்தாளாம். தொத்தொரெஸ்ஸா தன் மேசையில், முன்னால் சாய்த்த மூடியில் குதிரைப் பொலிஸ்காரர் வெளியே பார்த்தபடி நிற்க, பெட்டிக்குள் பேனைகள் போட்டு வைத்திருக்கிறார்.